டூட்டியில் இருக்கும் ஜீப்

இப்போதெல்லாம் ஒரு பொருள் துருப்பிடித்துக் கிடந்தால் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். அதையே எவனோ ஒருவன் முதுகு ஒடியத் தேய்த்து நிறுத்திவிட்டால், உடனே பக்கத்தில் நின்று போனில் படம் பிடிக்கிறார்கள். தேய்த்தவன் குறுக்கே நின்றால், "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல விழுறீங்க" என்கிறார்கள். என் வீட்டு வாசலில், நான் தேய்த்த வண்டிக்கு முன்னால், என்னையே தள்ளச் சொன்னார்கள். நானும் தள்ளி நின்றேன். நாட்டு நடப்பு அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. மாவு மில்லில் பெல்ட் மாட்டியே வயசு போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் புத்திசாலித்தனமாக ஏதாவது தென்பட்டால் அது பின்னால் வரப்போகிற வாரியத்து அதிகாரிகள் பேசியது, என்னுடையது இல்லை.

படைக் கிடங்கில் பழைய சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டு, தண்ணீர் பிடித்து வைக்க ஓர் இரும்புத் தொட்டி வாங்கி வரும்படி என் மனைவி அனுப்பினாள். துணைக்கு அவள் தம்பியும் வந்தான். என் மச்சினன் ஒரு காலத்தில் படையில், இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய ஜீப் ஓட்டியவன். எல்லைச் சண்டையில் ஒரு குண்டு, வண்டியின் இடப்பக்கத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வந்து அவனுடைய இடது முழங்காலில் உட்கார்ந்தது. குண்டை எடுத்துவிட்டார்கள். முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வெளியே வந்தபோது அவனுடைய படைப்பிரிவையே கலைத்திருந்தார்கள். காலுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று போய் நின்றான். "இல்லாத பிரிவுல நீ எப்படிய்யா வேலை பாத்திருக்க முடியும்?" என்று கேட்டார்கள். திரும்பி வந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான்.

மடங்காத காலுக்கு இந்த உலகத்தில் இடம் கிடையாது. பஸ்ஸில் நீட்டினால் வழியை மறிக்கிறது, கண்டக்டர் கத்துகிறான். காரில் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. ஒரே மகளை மலைமேல் ஊரில் கட்டிக்கொடுத்தான். அவளும் வீடு கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டாள். இவன் இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை. வரும்போதெல்லாம், "ஒரு தரம் வந்துட்டுப் போங்கப்பா" என்பாள். "வரேம்மா" என்பான். அதற்கப்புறம் அவள் கிளம்பும்வரை தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கிடங்கில் நான் தொட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு மூலையில் நின்றுவிட்டான். டயர் இல்லாமல் கட்டைமேல் ஒரு ஜீப் குந்தியிருந்தது. அதன் தகட்டில் ஓர் ஓட்டை. அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.

"அத்தான், இது என் வண்டி."

"ஓட்டை விழுந்த வண்டியெல்லாம் உன் வண்டியாடா?"

அவன் ஸ்டியரிங் தண்டின் அடிப்பக்கத்தைக் காட்டினான். ஆணியால் கீறிய ஓர் எழுத்து. அவன் மகள் பேரின் முதல் எழுத்து. பிறந்த சேதி வந்த அன்றைக்குக் கீறினானாம்.

ஏலக்காரன் நல்ல மனுஷன். "பெரியவரே, அது ஸ்டார்ட்டே ஆகாது. எத்தனையோ இன்ஜினியருங்க மல்லுக்கட்டிப் பாத்துட்டாங்க. எடைக்குத்தான் போகும்" என்றான். எடைக்கே வாங்கினோம்.

வீட்டு வாசலில் இறக்கியதும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"தொட்டி வாங்கிட்டு வாங்கன்னா, இதென்ன? இதுல தண்ணி நிக்குமா?"

"அடியில ஓட்டை இருக்கு" என்றேன்.

"உங்க ரெண்டு பேரு தலையிலயும்தான் இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்ஜினியர்களால் முடியாதது எங்களுக்கு எப்படி முடியும் என்று நான் கேட்டேன். மச்சினன் தன் ஷேவிங் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்தான். ரோட்டர். இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுகிற சாமான். அது இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி போகாது. வண்டி வெறும் இரும்பு.

"படையில அதான் வழக்கம் அத்தான். டிரைவர் இறங்கினா ரோட்டர் அவன் பாக்கெட்டுல. எதிரி வந்தாலும் எடுத்துட்டுப் போக முடியாது. வண்டிய ஒப்படைக்கிறப்ப ஆபீசர் கையில இத வெச்சு, சல்யூட் அடிச்சு, 'வண்டி பத்திரம்'னு சொல்லணும். அவர் 'வாங்கிக்கொண்டேன்'னு சொல்லணும். அப்பத்தான் நம்ம டூட்டி முடியும்."

"நீ சொன்னியா?"

"குண்டடி பட்ட காலோட ஊர்ந்துபோய் இதக் கழட்டிட்டேன். அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு யார்கிட்டச் சொல்ல?"

மழை ஓய்ந்த மாதங்கள் முழுக்க வாசலில் அதே வேலைதான். துருவைத் தேய்க்க மில்லில் மிஞ்சிய உப்புத்தாள். டயர் நாலும் பழைய சாமான் கடையில் பிடித்தது. பெட்ரோல் டேங்க் கசிவுக்குச் சலவை சோப்பு. கேஸ்கட்டுக்குச் செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி கிரீஸ் தடவினோம். மேல்கூரைக்குத் தானியம் மூடுகிற தார்ப்பாய். என் மனைவிதான் தையல் மெஷினில் தைத்தாள், ஊசி ஒடியும்போதெல்லாம் எங்கள் இருவர் பரம்பரையையும் இழுத்தாள். அவளுக்கும் அவனுக்கும் ஒரே பரம்பரை என்பது நடுவில் மறந்துபோகும். அடுத்த வீட்டுக்காரர் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து பெயிண்ட் ஆக்கினோம். மச்சினனின் இடது கால் கிளட்சை மிதிக்காது என்பதால் ஒரு கம்பியை வெல்டிங் வைத்துக் கையால் இழுக்கிற மாதிரி செய்தோம். பிரேக்குக்கு மட்டும் எல்லாம் புதுசு. கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதுவும் மலைப்பாதை.

தகட்டிலிருந்த ஓட்டையை அடைக்க அவன் விடவில்லை. "அது இருக்கட்டும் அத்தான்" என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ரோட்டரைப் போட்டு, மூடியை மாட்டி, ஸ்டார்ட்டரை அழுத்தினோம். இருமியது. செருமியது. பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி எழுந்துகொண்டது. கதவே இல்லாத இடப்பக்கத்து டிரைவர் சீட்டில் மச்சினன் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கால் ஓர் இடத்தில் சௌகரியமாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "வர்ற வாரம் வரேம்மா" என்று மகளுக்குப் போன் போட்டான்.

ஆனால் ரோட்டில் ஓட்ட நம்பர் வேண்டும். பழைய படை வண்டிக்கு நம்பர் வேண்டுமென்றால் முன்னாள் படை வாகன மரபு வாரியம் சான்றிதழ் தர வேண்டும். அப்படி ஒரு வாரியம் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

முதலில் ஓர் ஆய்வாளர் வந்தார். கழுத்தில் டேப், பையில் ஸ்கேல், கையில் பூதக்கண்ணாடி. என் மனைவி அவருக்கு அளவுகோல் என்று பேர் வைத்தாள். அளவுகோல் வண்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதுல இருந்த துரு எங்க?"

"தேச்சு எடுத்துட்டோங்க."

"எடுத்து?"

"என் பொண்டாட்டி கூட்டித் தள்ளிட்டா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயா, அது துரு இல்ல. எத்தனையோ வருஷத்து வரலாறு. வரலாற்ற வெளக்கமாத்தால கூட்டிட்டீங்க."

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா மொறத்துல வாரியிருப்பேன்" என்றாள் என் மனைவி.

பிறகு வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, பிரேக் போடச் சொன்னார். வண்டி போட்ட இடத்தில் நின்றது. அவர் தலையை ஆட்டினார்.

"இந்த வரிசை வண்டி இப்படி நிக்காது. பிரேக் பிடிக்காம போறதுதான் இதோட தனித்தன்மை. அசல் தன்மையைக் கெடுத்துட்டீங்க."

"நிக்கலேன்னா ஆள் செத்துடுவாங்களே சார்?"

"செத்தாங்க. அதுதான் மரபு."

கிளட்சுக் கம்பியைக் கண்டதும், "இது என்ன, ஊனமுற்றவங்க வண்டி மாதிரி? போர் வண்டிக்கு ஒரு கௌரவம் வேணாமா?" என்றார். ஸ்டியரிங் தண்டில் கீறியிருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ராணுவ ரகசியக் குறியீடு. இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க" என்று எங்களை எச்சரித்தார். மச்சினன் வாயைத் திறந்தான். நான் கண்ணைக் காட்டினேன்.

கடைசியில் தகட்டு ஓட்டைக்கு வந்தார். அப்போதுதான் மனிதருக்கு முகம் மலர்ந்தது. குனிந்து அதன் விட்டத்தை அளந்தார், ஆழத்தை அளந்தார், குண்டு வந்த கோணத்தை அளந்தார். "அசல்! ஒரிஜினல் துளை! விலைமதிப்பே இல்ல" என்று உருகினார். டேப்பைக் குண்டு போன திசையில் இழுத்துக்கொண்டே போனார். அங்கே என் மச்சினனின் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் காலை எடுங்க. அளவுக்கு எடைஞ்சலா இருக்கு" என்றார்.

அவன் இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, காலை நகர்த்தி வைத்தான். அளவுகோல் எதுவும் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் மில் பெல்ட்டையே எடுத்திருப்பேன். மனைவிதான் முந்தானையை உதறிக்கொண்டே, "விடுங்க, அவருக்குத் துளைதான் தெரியுது" என்றாள்.

அடுத்து வாரியத்துக்கு வரச் சொன்னார்கள். பெரிய கட்டடம். ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பூட்ஸ், பட்டு மெத்தைமேல், தனி விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. பார்க்க வந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை. மச்சினன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான்.

துணைத் தலைவர் குளுகுளு அறையில் இருந்தார். கனிவாகப் பேசினார். கனிவாகப் பேசுகிற அதிகாரியிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

"உங்க வண்டிக்கு நம்பர் குடுக்கறதுல ஒரு சிக்கல். அதை யாரும் முறைப்படி ஒப்படைக்கல. 'வாங்கிக்கொண்டேன்'னு எந்த அதிகாரியும் சொல்லல. ஆகவே அது இன்னும் டூட்டியில இருக்கு."

"ஏலம் விட்டீங்களே சார்?"

"ஏலப் பிரிவு வித்தது இரும்ப. கடமைய விக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க, எத்தனை வருஷமா, மழையில வெயில்ல, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம, அந்த வண்டி தன் கடமையில இருந்து நகரல."

"நகர முடியலங்க. டயர் இல்ல."

"அதான் தியாகம்" என்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "சார், வண்டி டூட்டியில இருந்தா, அதோட டிரைவரும் டூட்டியிலதான இருக்கணும்? இதோ நிக்கிறான். அவன் பாக்கியையும் சேத்துப் பாருங்க."

துணைத் தலைவர் முதல் தடவையாக மச்சினனைப் பார்த்தார். பாவம், அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்; உடனே பார்வையை மேஜைக்குத் திருப்பிக்கொண்டார்.

"டிரைவர் வண்டிய விட்டுப் போயிட்டாரே."

"தூக்கிட்டுப் போனாங்க சார்."

"தூக்கிட்டுப் போனாலும் போனது போனதுதானே? வண்டி போகல. அங்கதான் வித்தியாசம். இந்த வாரியம் போகாதவங்களுக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. வண்டின்னா கண்காட்சியில வைக்கலாம், பிள்ளைங்க பாப்பாங்க. ஆளுங்கன்னா வயசாகும், வைத்தியம் கேப்பாங்க, பேசுவாங்க. பராமரிப்பு கட்டுப்படியாகாது."

வெளிப்படையாகப் பேசுகிற மனுஷனைக் குறை சொல்ல முடியாது. வழியும் அவரே சொன்னார். ஒப்படைப்பு விழா ஒன்று நடத்திவிட்டால் வண்டி டூட்டியிலிருந்து விடுபடும். அன்றைக்கே நம்பர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "பழைய விதிப்படி, சல்யூட் அடிச்சு, 'வண்டி பத்திரம்'னு சொல்லி, அதிகாரி கையில ஒரு பொருளை வைக்கணும்" என்றார்.

"என்ன பொருள் சார்?" என்று மச்சினன் கேட்டான். அந்தக் கட்டடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை.

"அது இப்ப யாருக்கும் தெரியல. ஒரு குழு போட்டோம். குழு கூடிப் பேசி, பூங்கொத்துன்னு முடிவு பண்ணியிருக்கு."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தானே ஒப்படைக்கணும்?" என்று அவன் திரும்பக் கேட்டான்.

"இல்லைங்க. இல்லாத பிரிவுல டிரைவர் யாரும் கிடையாது. எங்க ஆபீஸ் கணக்கர் ஒருத்தர் டிரைவர் வேஷம் போடுவாரு. ஆள் கம்பீரமா இருப்பாரு. நல்லா நடப்பாரு."

வெளியே வந்ததும், "வேண்டாம்டா, வண்டிய இப்படியே மலைக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்" என்றேன்.

"பிடிச்சு வெச்சுக்கிட்டா மக வீட்டு வாசல்லயே மானம் போகும் அத்தான். ஒரு நாள் கூத்துதானே. முடிச்சுட்டு அங்கிருந்தே மலைக்குப் போயிடுவோம்" என்றான். மனைவி அவனுடைய ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். பேரப்பிள்ளைக்கென்று ஒரு பொம்மையை வாங்கி ஜீப்பின் பின்சீட்டில் வைத்தான்.

விழா அன்று ஒரு நாளைக்கு மட்டும் ரோட்டில் ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். மச்சினனே ஓட்டினான். மலை ஒரு பக்கம், வாரியம் எதிர்ப்பக்கம். இருந்தாலும் காற்று முகத்தில் அடிக்க, நீட்டிய காலில் செருப்பு ஆட, ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டே வந்தான். வாரியத்து மைதானத்தில் கோடு போட்ட இடத்தில் கச்சிதமாக நிறுத்தினான். இறங்கி, பானெட்டைத் திறந்து, எதையோ சரிபார்த்து மூடினான். அதற்குள் ஒரு காவலாளி வந்துவிட்டார்.

"நீங்க யாரு?"

"வண்டிய ஓட்டிட்டு வந்தேன்."

"பாஸ் இருக்கா?"

வண்டிக்குப் பாஸ் இருந்தது. வண்டியின் சொந்தக்காரன் என்று எனக்கும் ஒன்று இருந்தது. அவனுக்கு இல்லை. அவனைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். நானும் வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தலைவர் வந்தார். பேண்டு வாசித்தார்கள். மைக்கைப் பிடித்து, "நன்றி மறப்பது நன்றன்று!" என்று ஆரம்பித்தார். "இந்தத் தகட்டிலே ஒரு துளை இருக்கிறது. அந்தக் குண்டைத் தன் மார்பிலே தாங்கியது யார்? இந்த வண்டி! வலிக்கிறது என்று சொன்னதா? சலுகை கேட்டதா? மனுக் கொடுத்ததா? இல்லை! இப்படிப்பட்டவர்களைத்தான் இந்த வாரியம் தேடிக்கொண்டிருக்கிறது!"

கை தட்டினார்கள். மச்சினன் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

கணக்கர் புது யூனிபார்மில், மீசை ஒட்டிக்கொண்டு, கம்பீரமாகத்தான் வந்தார். இரண்டு முழங்காலும் நன்றாக மடங்கின. சல்யூட் அடித்து, "வண்டி பத்திரம்!" என்று பூங்கொத்தைக் கொடுத்தார். தலைவர், "வாங்கிக்கொண்டேன்" என்றார். பிறகு ஜீப்பின் நெற்றியில் ஒரு பதக்கத்தை மாட்டினார். அளவுகோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது, நம்பரைத் தருவார்கள் என்று நான் கயிற்றைத் தாண்டப் போனேன். தலைவர் இன்னும் மைக்கை விடவில்லை.

"இத்தகைய வீரனைத் தெருவிலே விடலாமா? விடமாட்டோம்! இன்று முதல் இந்த வண்டி, வாரியத்தின் வாசலிலே, கண்ணாடிக் கூண்டிலே, நிரந்தரமாக ஓய்வெடுக்கும்!"

நான் துணைத் தலைவரிடம் ஓடினேன். "நம்பர் தரேன்னு சொன்னீங்களே சார்! மலைக்குப் போகணும். இவன் மக காத்துக்கிட்டிருக்கா!"

"வீரனுக்கு எதுக்கு ஐயா நம்பர்?"

"அப்ப நான் குடுத்ததைத் திருப்பிக் குடுங்க."

"அது ஏலப் பிரிவு. நாங்க மரபுப் பிரிவு." பிறகு என் தோளில் கை போட்டார். "நீங்க பெருமைப்படணும். நீங்க தேச்ச வண்டி. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?"

அவர் கையை எடுத்துக் கீழே விட்டேன். பின்சீட்டுக்குப் போய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டேன். அதையாவது வாரியத்துக்குத் தருவதாக இல்லை.

மைதானத்தைச் சுற்றி ஒரு வலம் வந்து கூண்டில் கொண்டுபோய் நிறுத்துவதாக நிகழ்ச்சி நிரலாம். தலைவர் ஏறிப் பூங்கொத்தோடு நிமிர்ந்து நின்றார். கணக்கர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். க்ர்ர்ர் என்றது. மறுபடி அழுத்தினார். க்ர்ர்ர். பேண்டுக்காரர்கள் வாசித்ததையே திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்கள். தலைவர் சல்யூட் வைத்த கையை இறக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். கடைசியில் துணைத் தலைவர், அளவுகோல், காவலாளி, இன்னும் யார் யாரோ கோட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்று தள்ளினார்கள். அந்த மைதானம் லேசான மேடு. பிரேக்கு வேறு நன்றாகப் பிடிக்கும். கணக்கர் பயத்தில் அதன்மேலேயே காலை வைத்திருந்தார்.

கயிற்றுக்கு வெளியே மச்சினன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டைப் பையில் கட்டைவிரல் அளவில் ஒரு புடைப்பு.

"டேய், வேணும்னே பண்ணினியா?"

"பழக்கம் அத்தான். இறங்கினா கை தானா கழட்டிடுது."

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இருவரும் நடக்க ஆரம்பித்தோம். துணைத் தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"பெரியவரே! வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகல? வரும்போது நல்லாத்தான வந்துச்சு?"

மச்சினன் நின்று திரும்பினான். "இன்னும் ஒப்படைக்கல சார்" என்றான்.

"ஒப்படைச்சாச்சே! எல்லார் முன்னாலயும் தலைவர் வாங்கிக்கிட்டாரே!"

"அவர் பூவைத்தான் வாங்கிக்கிட்டாரு."

அவருக்கு விளங்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், "இதெல்லாம் உங்களுக்கும் கௌரவம்தான்! வயசான காலத்துல புரிஞ்சுக்கணும்! பெருமைப்படணும்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பெருமை வருகிறதா என்று நானும் கொஞ்ச தூரம் பார்த்தேன். வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளுகிறவர்களின் "ஹே... ஹே..." மட்டும் கேட்டது.

ரோட்டுக்கு வந்ததும் மச்சினன், "மலைக்குப் போற பஸ் இங்க நிக்கும்ல?" என்று கேட்டான்.

"நிக்கும். காலை எங்கடா வைப்பே?"

அவன் என் கையிலிருந்த பொம்மையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வழியிலதான் வைப்பேன். தாண்டிப் போகட்டும்."